பாதி வேகம்

மே 1, சனி

வருங்காலத்தில் கடல் ஆராய்ச்சியாளர்கள் கூட்டம் கூட்டமாக மிக்கேல்துறைக்கு வந்து, என் தங்கை பிலோமினாளின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இந்த நோட்டைக் கோயில் சிலையைப்போல் தொட்டு முத்தி செய்யப்போகிறார்கள். அதனால் கையெழுத்தைக் கொஞ்சம் திருத்தமாக எழுத முயல்கிறேன்.

இன்றைய உலக முக்கியத்துவம் வாய்ந்த நிகழ்ச்சி: குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மூன்று மணி நேரம் பிடித்தது. குழாய் இப்போது முன்னைவிட அழகாக ஒழுகுகிறது.

காலையும் மாலையும் வழக்கம்போல் அலை எண்ணினேன். கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் சிமெண்ட் தொட்டிமேல் உட்கார்ந்து, கடலில் கிடக்கும் ஒரு மிதவையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓர் அலை அதைத் தூக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து 'பூஜ்யம்' என்று சொல்ல வேண்டும். 'பத்து' வரும்போது நேரத்தைக் குறித்து, பத்தால் வகுத்தால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்பது கிடைத்துவிடும். 'ஒன்று' என்று ஆரம்பிக்கிறவன் கணக்கிலும் உருப்பட மாட்டான், வாழ்க்கையிலும் உருப்பட மாட்டான். இன்று எட்டரை வினாடி.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த வெனான்சி கேட்டான்: "என்ன வாத்தியார் மாமா, எல்லாம் சரியா இருக்கா? அலை ஒண்ணும் கொறையலயே?"

"நேத்து ஒண்ணு காணாமப் போச்சுடே. ஒன் வீட்ல ஒளிச்சி வச்சிருக்கியா?"

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், மனைவி போனபிறகு தங்கை வீட்டில் எட்டு மாதமாக உட்கார்ந்து சாப்பிட்டால், ஊர் அவனுக்குக் கொடுக்கும் மரியாதை இவ்வளவுதான். ஸ்டெல்லா இருந்தபோது யாரும் என்னை அலை எண்ண விட்டதில்லை. முழங்கால் வலிக்கிறது. தூக்கம் இல்லை.

மே 2, ஞாயிறு

சாயங்காலம் ஜெரோம் பேசினான். பிலோமியின் மகன், சரக்குக் கப்பலில் அதிகாரி. கப்பலிலிருந்து சாட்டிலைட் போன். இரண்டு நிமிடம் பேசினால் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும் என்று பிலோமி நம்புகிறாள். அதனால் தொலைபேசியில் கத்துவாள்.

"சாப்ட்டியா மக்கா? கறி என்ன?"

அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்ல, இவள் முகம் வெளுத்தது. நான் ரிசீவரைப் பிடுங்கினேன்.

"மாமா, நல்ல புயல்ல மாட்டிக்கிட்டோம். நாப்பத்தஞ்சு டிகிரி தெக்க. இன்னிக்கு மத்தியானம் ஒங்க நேரத்துக்குப் பன்னெண்டு மணிக்கு உச்சம். இப்போ தாண்டி வந்துட்டோம், பயப்பட ஒண்ணுமில்ல."

"அலை எவ்வளவு உசரம்?"

"பன்னெண்டு மீட்டர் இருக்கும்."

"எத்தன செகண்டுக்கு ஒண்ணு?"

"பதினெட்டு."

பிலோமி ரிசீவரைத் திரும்பப் பிடுங்குவதற்குள் இணைப்பு போய்விட்டது. "பிள்ள செத்துப் பொழச்சி வந்திருக்கான். எத்தன செகண்டுன்னு கேக்கான் பாரு எங்க அண்ணன்" என்று அடுப்படிக்குப் போனாள். உள்ளே பாத்திரங்கள் பேசின.

பதினெட்டு வினாடி! அரசர்களுக்கு யானை எப்படியோ, அலை எண்ணுகிறவனுக்குப் பதினெட்டு வினாடி அப்படி. காற்று அடித்துக் கிளப்பும் குட்டி அலைகள் போகிற வழியிலேயே செத்துப்போகும். பதினெட்டு வினாடி அலை சாகாது. புயல் அங்கேயே அடங்கிப்போனாலும் அது பாதி உலகம் தாண்டி வந்து கதவைத் தட்டும்.

மே 3, திங்கள்

இன்று முழு நாளும் கணக்கு. பத்து வருடம் குறைந்தமாதிரி இருந்தது. பிலோமி கொடுத்த கஞ்சியில் ஈ விழுந்திருந்ததைக் குடித்து முடித்தபிறகுதான் பார்த்தேன்.

புயலிலிருந்து மிக்கேல்துறை ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். ஜெரோம் விட்டுப்போன அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். ஆழ்கடலில் அலையின் வேகத்துக்குக் கடலின் ஆழம் தேவையில்லை, காற்றும் தேவையில்லை. எத்தனை வினாடிக்கு ஒன்று என்று தெரிந்தால் போதும். அதை 1.56 ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். எங்கள் பதினெட்டு வினாடிப் பெருமகன் மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓடுகிறான். ஆக, ஐம்பத்தொன்பது மணி நேரம். செவ்வாய் இரவு பதினொரு மணிக்கு இங்கே இருப்பான்.

கஸ்பாரிடம் சொன்னேன். கஸ்பார் என் தங்கையின் கணவர், ஊர்க்கமிட்டித் தலைவர். பேசுவதற்கு வார்த்தைகளை விலை கொடுத்து வாங்குகிறவர்போல் பேசுவார்.

"கள்ளக்கடலா மச்சான்?"

"அதேதான் மாப்ள. காத்து இருக்காது, மேகம் இருக்காது, திருடன் மாதிரி வீட்டுக்குள்ள நுழையும்."

"எங்க அப்பா காலத்துல ஒரு தடவ வந்துச்சு. எட்டு வள்ளம் போச்சு." கரையில் கிடந்த வள்ளங்களைப் பார்த்தார். "உறுதியாச் சொல்லுதியளா?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் 'என் கணக்குப்படி' என்று ஆரம்பித்திருப்பான். நான் எழுந்து நின்றேன். "மாப்ள, சூரியன் கெழக்க உதிக்கும்னு சொன்னா ஒரு சந்தேகம் வச்சிக்கிடலாம். இதுல சந்தேகமே வேண்டாம்" என்றேன்.

கோயில் மைக்கில் கஸ்பார் அறிவித்தார். அப்புறம் என்னிடம் மைக்கைக் கொடுத்தார். அவர் செய்த முதல் தப்பு அது. கோபுர உச்சியில் இருக்கும் சிலுவை நனையும் என்று சொல்லிவிட்டேன். பனைமரங்கள் தலைகுளிக்கும் என்றேன். நோட்டில் நான் எழுதி வைத்திருந்தது ஒன்றரை மீட்டர். ஆனால் மைக்கைப் பிடித்தால் ஒன்றரை மீட்டர் என்று யாரால் சொல்ல முடியும்? பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். முப்பது வருடம் பின்பெஞ்சுக்குப் பாடம் நடத்தியவனுக்கு ஒரு ஊரே வாயைப் பிளந்து கேட்பது எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குப் புரியாது.

மே 4, செவ்வாய்

முப்பத்துநாலு வள்ளத்தையும் மேலே ஏற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு இருபது பேர் தோள் கொடுக்க வேண்டும். சாதாரணமாக நிற்கும் இடத்திலிருந்து கோயில் மதில்வரை, மணலில், வெயிலில். என்ஜின்களைக் கழற்றி வீடுகளுக்குத் தூக்கிப் போனார்கள். கடலுக்கு யாரும் போகவில்லை.

தெற்குக் கடைசியில் சந்தியாகுவின் வள்ளம். சந்தியாகுதான் முதலில் வந்து தோள் கொடுத்தவர், எல்லா வள்ளத்துக்கும். "வாத்தியார் மாமா சொன்னா கணக்கு இருக்கும்ல" என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார். கடைசியில் தன் வள்ளத்தைத் தள்ளும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மகன்களும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தைலம் தடவினால் சரியாகிவிடும் என்றேன். நான் மருத்துவரும்தானே.

நான் தள்ளவில்லை. முழங்கால். எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது வினாடி.

இருட்டப்போகிறது. எல்லோரும் மேட்டுத்தெருவில் உறவினர் வீடுகளில் இருக்கிறார்கள். பிலோமி மட்டும் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று கருவாட்டுக் கூடைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

மே 5, புதன்

வரவில்லை.

கடல் சலவைத் தொழிலாளி இஸ்திரி போட்டுக் கொடுத்தமாதிரி கிடந்தது. காலை ஆறு மணிக்கு எண்ணினேன். ஒன்பது வினாடி. ஏழு மணிக்கு எண்ணினேன். எட்டே முக்கால். ஒன்பது மணிக்கு நான் எண்ணுவதைப் பார்க்க இருபது பேர் நின்றார்கள்.

"மாமா, கோபுரம் நனஞ்சிச்சா?" இது வெனான்சி.

"பனமரத்துக்கு ஜலதோசம் புடிச்சிருக்காம்" என்று இன்னொருவன்.

அதெல்லாம் பரவாயில்லை. நானே அவர்களைவிட நன்றாகக் கேலி செய்வேன். டீக்கடையில் ஒருத்தன் கஸ்பாரைப் பார்த்து, "தலைவரே, மச்சான் சொன்னா கடல் கேக்கும், கடல் சொன்னா மச்சான் கேப்பாரோ?" என்றிருக்கிறான். கஸ்பார் டீயைக் குடித்துவிட்டு வந்தாராம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் புதுத் தலைவர் பார்க்கலாம் என்றும் யாரோ சொன்னதாக பிலோமி சொன்னாள். கஸ்பார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் நடுத்துண்டு மீனை என் தட்டில் வைத்தார். அதைச் சாப்பிட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முன்னதாகக் காலை பத்து மணிக்குக் கணக்கை மறுபடி போட்டேன். பெருக்கல் சரி. வகுத்தல் சரி. தூரம் சரி. பதினொன்றேகாலுக்கு டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். அலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலத்தில் எழுதியது. முப்பத்துநாலு வருடம் ஆகிறது. பட்டம் வாங்கவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு முறை கோடு போட்டிருந்தேன். படித்தேன். மூடி வைத்தேன்.

மதியம் மின்விசிறிகளைத் துடைத்தேன். மூன்றையும். நாற்காலி போட்டு ஏறி, ஒவ்வொரு இறக்கையாக, ஈரத்துணியால் ஒருதரம், காய்ந்த துணியால் ஒருதரம். உலகத்தில் இவ்வளவு தூசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

பன்னிரண்டாம் பக்கத்தைப் பற்றி: அன்று என் கையெழுத்து நன்றாக இருந்திருக்கிறது.

சாயங்காலம் வள்ளங்களை எல்லாம் பழையபடி கீழே இறக்கி என்ஜின்களை மாட்டினார்கள். சந்தியாகுவின் மகன்கள் இரண்டு பேரும் கொச்சிக்குக் கிளம்பினார்கள். அங்கே விசைப்படகில் வேலை இருக்கிறது. கள்ளக்கடல் வருகிறது என்று இரண்டு நாளாகக் காத்திருந்தவர்கள். வாசலில் நின்று, "போய்ட்டு வாறோம் மாமா, அப்பாவப் பாத்துக்கிடுங்க" என்றார்கள்.

"சரி மக்கா" என்றேன்.

மே 6, வியாழன், காலை

ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். நேற்று துடைக்காததால்.

பிலோமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஒனக்கு என்னாச்சுண்ணே? நேத்துலேருந்து வீட்டத் தொடச்சிக்கிட்டே இருக்க. அண்ணிக்கு முடியாம இருந்தப்பவும் இப்படித்தான் தொடச்ச."

"வீடு அசிங்கமா இருந்தா தொடைக்க வேண்டாமா?"

"எங்க வீடு அசிங்கமா? நல்லாருக்கே ஒன் நாயம்!"

சந்தை, மீன் கழுவல், இரண்டு வெங்காயம் வாங்க நான் போனது, வழியில் மூன்று பேர் பனைமரம் காட்டியது: இவை தவிர இன்று காலை எழுத ஒன்றுமில்லை. கொச்சி பஸ் இப்போது எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். தேவையில்லாத யோசனை.

மே 6, வியாழன், மாலை

ஐந்தரை மணிக்கு எண்ணப் போனேன். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். கடல் அப்போதும் இஸ்திரி போட்ட துணிதான். ஆனால் மிதவையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, குட்டி அலைகளுக்கு அடியில் வேறொன்று அதை மெல்லத் தூக்கியது. தூக்கி, இறக்கி, நீண்ட நேரம் விட்டு, மறுபடி தூக்கியது. தூங்குகிறவரின் வயிறுமாதிரி. உயரம் ஒரு சாண்கூட இல்லை. எனக்குப் பின்னால் நின்ற எவனும் பார்க்கவில்லை.

பூஜ்யம் என்றேன். பத்து என்பதற்குள் மூன்று நிமிடம் முப்பது வினாடி. இருபத்தொரு வினாடிக்கு ஓர் அலை.

அதிக வினாடி அலைக்கு வேகம் அதிகம். புயலிலிருந்து கிளம்பியதில் இருபத்தொரு வினாடிக்காரர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். அவர்கள் சின்னவர்கள், கட்டியம் கூறுகிறவர்கள். பதினெட்டு வினாடிக்காரர்கள் பின்னால் வருகிறார்கள், மொத்தப் படையோடு.

முழங்காலை மறந்து வீட்டுக்கு ஓடினேன். நடந்தேன் என்று பிலோமி சொல்வாள், நம்பாதீர்கள்.

கஸ்பார் வாசலில் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். "மாப்ள, வருது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ம்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. நான் பாதியத் தப்பாப் போட்டுட்டேன்."

"எதுல பாதி?"

எப்படிச் சொல்வது? திருவிழாவில் சப்பரம் வந்து நிற்கும் விளக்குக் கம்பத்தைப் பார்த்தபோது தோன்றியது. "நம்ம ஊர்ச் சப்பரம் வரும்போது பசங்க என்ன செய்வானுவ? பின்னாலேருந்து கூட்டத்துக்குள்ள பூந்து ஓடி முன்னால வருவானுவ. வந்ததும் சந்துல நுழஞ்சி காணாமப் போவானுவ. பின்னால புதுசா வேற பசங்க சேருவானுவ. பசங்க ஓடுற வேகம் ஒண்ணு, சப்பரம் வர்ற வேகம் ஒண்ணு. ஒத்த அலை மணிக்கு நூறு ஓடும் மாப்ள. ஆனா அது கூட்டத்துக்கு முன்னால வந்து செத்துரும். அலைக் கூட்டம் மொத்தமா நகர்றது சரியா அதுல பாதி வேகம். கூட்டத்துலதான் பலம் இருக்கு. நான் பசங்களக் கணக்குப் போட்டேன். சப்பரத்தப் போடல."

கஸ்பார் தூண்டிலைக் கீழே வைத்தார். "இப்போதான் தெரிஞ்சிதா?"

"இப்போதான் எண்ணினேன்" என்றேன்.

அவர் யோசித்தார். இரண்டாம் முறை மைக்கைப் பிடித்து அது வராவிட்டால் தலைவர் பதவி போகும்; பிடிக்காமல் இருந்து அது வந்தாலும் போகும் என்ற மாதிரி ஒரு முகம். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்றார்.

மைக்கின் முன்னால் நின்றேன். கீழே ஐம்பது அறுபது பேர், சிரிக்கத் தயாராக. என்னால் அப்போது ஒரு பனைமரம்கூடச் சொல்ல முடியவில்லை.

"நான் சொன்ன நேரம் தப்பு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரும். முதல் தெருவுல முழங்கால் அளவுக்குத் தண்ணி வரும். உள்ள வரும், வெளிய போகும், மறுபடி வரும். கரையில கெடக்குற வள்ளத்த முட்டி ஒடைக்கும். அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

"முழங்காலா?" என்றான் வெனான்சி. பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். "ஏ, வாத்தியார் மாமா முழங்கால்னா சொன்னாரு?"

"முழங்கால்னுதான் சொன்னாரு."

"அப்போ நெசமாத்தான்டே வருது!" என்று அவன்தான் முதலில் ஓடினான்.

இருட்டும்வரை ஏற்றினார்கள். இருபத்தொன்பது வள்ளம் ஏற முடிந்தது. செவ்வாய்க்கிழமை இருந்த ஆட்களில் பாதிப்பேர் இல்லை. கொச்சிக்கும் கொல்லத்துக்கும் போய்விட்டார்கள். தெற்குக் கடைசிக்குப் போகும்போது தோள்களில் பலம் இல்லை.

மே 7, வெள்ளி

வந்தது. பிறகு எழுதுகிறேன்.

மே 7, வெள்ளி, மாலை

வெயில் கண்ணைக் குத்தியது. காற்று ஓலையைக்கூட அசைக்கவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிப் பூசை முடிந்து எல்லோரும் மேட்டுத்தெருவில் நின்றார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கடல் கொஞ்சம் பின்வாங்கி, பாறைகளின் பச்சையைக் காட்டியது. பிறகு ஏறியது. உடைந்து சிதறி வரவில்லை. பாத்திரத்தில் பால் பொங்குவதுபோல் மொத்தமாக உயர்ந்து, மணலைத் தாண்டி, முதல் தெருவுக்குள் நடந்து வந்தது. கதவுகளைத் தட்டாமல் திறந்தது. செருப்புகள், பிளாஸ்டிக் குடங்கள், ஒரு கோழிக்கூடு, எங்கள் வீட்டு நாற்காலிகள் இரண்டு: எல்லாவற்றையும் இழுத்துப் போனது. பத்தரைக்கு மறுபடி. பதினொன்றுக்கு மறுபடி. மதியம்வரை ஆறு முறை.

பிலோமியைக் கடைசி நேரத்தில் கஸ்பார் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தாள்.

"முழங்கால்னு சொன்னியேண்ணே! வாழ்க்கையில ஒரே ஒரு தடவ கொறச்சிச் சொல்லுத, அதுவும் தப்பாச் சொல்லுத!"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏற்றாமல் விட்ட ஐந்து வள்ளத்தில் மூன்று தப்பின. ஒன்றுக்கு முன்பக்க அணியம் உடைந்தது. சந்தியாகுவின் வள்ளம் நான் உட்காரும் சிமெண்ட் தொட்டியில் மோதி இரண்டாகப் பிளந்தது. என்ஜின் இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது. அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள்.

இன்று முழுவதும் ஆட்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக் கடலைப் படித்தவர் என்று வெனான்சி பக்கத்து ஊர்க்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தான். நானே கூசும் அளவுக்கு அளந்தான். "மாமா எண்ணிப் பாத்தாரு, ஒடனே ஓடி வந்து சொன்னாரு" என்றான். டீக்கடையில் கஸ்பாரைக் கிண்டல் செய்தவனே அவரைக் கட்டிப்பிடித்தான். கஸ்பார் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அவரளவில் அது ஒரு மேடைப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறாராம்.

களைப்பாக இருக்கிறது. வீடு முழுக்க மணல். துடைக்கவில்லை.

மே 8, சனி

காலையில் சந்தியாகு வீட்டுக்குப் போனேன். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் மனைவி லூர்தம்மாள் வரக்காப்பி கொடுத்தாள். சீனி போதாது. கேட்கவில்லை.

"வாங்க மாமா" என்றார் சந்தியாகு. "மாமா சொல்லலன்னா ஊரே போயிருக்கும். எனக்கு விதி. நீங்க என்ன செய்வீய?"

"மகன்மாருக்குச் சொல்லியாச்சா?"

"நேத்து போன் போட்டோம். பெரியவன் அழுதான். ஒரு நாள் பொறுத்திருந்தா நானும் தம்பியும் ஏத்திருப்போமேன்னு."

காப்பியைக் கீழே வைத்தேன். இந்த நோட்டில் எழுதியதுபோல் அலங்காரமாகச் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை.

"சந்தியாகு, எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

"என்ன தெரியும்?"

"கணக்குல தப்புன்னு. பாதி வேகம்னு. வெள்ளிக்கிழமதான் வரும்னு. புதன்கிழம மத்தியானத்துக்கு முன்னாடியே தெரியும். பழைய நோட்டுல நானே எழுதி வச்சிருந்தேன். ஒன் மகன்மாரு பஸ் ஏறும்போது வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். அப்பவும் தெரியும்."

லூர்தம்மாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன் சொல்லல?" என்றார் சந்தியாகு.

"மறுபடி போயி நின்னா சிரிப்பாவன்னு."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவில் யாரோ மணலை வாரிக் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சிரிச்சா என்ன மாமா?" என்றார் கடைசியில். "எங்களப் பாத்து கடலே தெனம் சிரிக்கி."

லூர்தம்மாள்தான் கோபப்பட்டாள். "பொன்னாட போத்திக்கிட்டு நிக்கும்போதும் இதச் சொல்லுவியளா?"

"சொல்லுவேன். நாளைக்கு, அதே மைக்குல."

"கஸ்பாரண்ணனுக்குத் தெரியுமா?" இது சந்தியாகு.

"தெரியாது."

"அப்போ ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி அவருட்டச் சொல்லுங்க. ஒங்களுக்காக டீக்கடையில பேச்சு வாங்குனது அவருதான். நாளைக்கு மைக்குல ஊரோட ஊராக் கேக்க விட்ராதிய." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இடுப்பு வலியோ, வேறெதுவோ. "இப்போ போங்க மாமா. நான் செத்த நேரம் தூங்கணும்."

வந்துவிட்டேன்.

இது நடந்தது காலை ஒன்பது மணிக்கு. இப்போது சாயங்காலம் நாலரை. இடையில் செய்த வேலைகள்: நாற்காலிகளைத் தேடிக் கரையில் ஒரு மைல் நடந்தேன், ஒன்று கிடைத்தது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். சமையலறை மணலை வாரினேன். நனைந்த அட்லஸைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் வைத்தேன். இந்து மகா சமுத்திரம் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது. புதன்கிழமைப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். அதில் பொய் ஒரு வரிகூட இல்லை. மின்விசிறிகளை நிஜமாகவே துடைத்தேன்.

ஸ்டெல்லாவின் மருத்துவ அறிக்கை கைக்கு வந்தபோதும் நாலு நாள் பீரோவில் வைத்திருந்தேன். அந்த நாலு நாளும் வீடு பளபளவென்று இருந்தது. "இவ்வளவு சுத்தம் எதுக்கு?" என்று அவள் கேட்டாள். நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். என்ன நகைச்சுவை என்று மறந்துவிட்டது. அவள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

கஸ்பார் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து யாருடைய என்ஜினையோ பிரித்து, நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வழியாக முதுகு தெரிகிறது. என்னை இரண்டு முறை கூப்பிட்டார், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. "இதோ வாறேன் மாப்ள, ஒரு வேல இருக்கு" என்றேன்.

ஒரு வேலையும் இல்லை. இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் நாற்பது பக்கம் எழுத என்னால் முடியும்.

மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார். போகிறேன்.